கரண்டு வந்ததும் மோட்டார் தானாக ஓட வேண்டுமா? ஸ்டார்ட் பட்டனைக் கட்டி வைக்காதீர்கள், டைமர் போதும்!

மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும் ஊர்களில் விவசாயிக்கு இரண்டு காத்திருப்பு உண்டு. ஒன்று, கரண்டு வருவதற்கு. இன்னொன்று, வந்த பிறகு யாராவது மோட்டார் ரூமுக்கு நடந்து போய் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அழுத்துவதற்கு. சங்கரன்கோவில், குருவிகுளம், மேலநீலிதநல்லூர் பக்கம் கிணற்றையும் போரையும் நம்பி மல்லி, பிச்சி, எலுமிச்சை, மக்காச்சோளம், காய்கறி போட்டிருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இரவு முறை வரும் நாட்களில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். அடைமழைக் காலத்தில் காலடியில் என்ன கிடக்கிறது என்று தெரியாது. பொழுது விடிவதற்குள் பூப்பறிக்கக் கிளம்ப வேண்டிய வீடு என்றால் அன்றைக்குத் தூக்கமே இல்லை.

நடையை மிச்சப்படுத்த ஊருக்கு ஊர் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். பச்சைப் பட்டன் மேல் வராதபடி குச்சியைச் செருகுவார்கள். பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிக் கட்டுவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி, ஸ்டார்ட் பட்டனின் இரண்டு முனையையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுவார்கள். கரண்டு வந்ததும் மோட்டார் ஓடத்தான் செய்யும். பல மாதம் ஒரு தொந்தரவும் இருக்காது. பிறகு ஒருநாள் மோட்டார் ரூமில் வார்னிஷ் கருகிய வாடை அடிக்கும். தமிழ்நாட்டில் விவசாயப் பம்புசெட்டுக்குக் கரண்டு பில் இல்லை. ஆனால் வைண்டிங் கடையில் பில் உண்டு. நீர்மூழ்கி மோட்டார் என்றால் குழாயை மேலே எடுக்க, திரும்ப இறக்கக் கூலியும் சேரும். அது முடிந்து தண்ணீர் வருவதற்குள் பூச்செடி மொட்டை உதிர்த்துவிடும்.

ஸ்டார்ட்டருக்குத் தேவை ஒரு விரலின் இரண்டு நொடித் தொடுதல் மட்டும்தான். நிரந்தரமாக வரும் கரண்டிலிருந்து அந்த இரண்டு நொடித் தொடுதலை உண்டாக்கித் தருகிற சின்னப் பொருள்தான் டைமர் ரிலே. இதைப் பயன்படுத்துவது எப்படி, எதை மறந்தால் ஆபத்து என்று இங்கே பார்ப்போம்.

பட்டன் ஏன் தானாக மேலே வருகிறது?

ஸ்டார்ட்டருக்குள் ஒரு காண்டாக்டர் இருக்கிறது. அதன் காயிலுக்குக் கரண்டு கிடைத்தால் காந்தமாகி, மூன்று பேஸ்களையும் மோட்டாருக்கு இணைக்கும். காயிலுக்குப் போகும் வழியில் சிவப்புப் பட்டன், பச்சைப் பட்டன், ஓவர்லோடு ரிலே மூன்றும் வரிசையாக இருக்கின்றன. சிவப்பு எப்போதும் சேர்ந்தே இருக்கும், அழுத்தினால்தான் பிரியும். பச்சை எப்போதும் பிரிந்தே இருக்கும், அழுத்தினால்தான் சேரும். எலக்ட்ரீசியன்கள் முன்னதை என்.சி. என்றும் பின்னதை என்.ஓ. என்றும் சொல்வார்கள். டைமரின் மேலும் இதே எழுத்துகள் இருக்கும் என்பதால் இவற்றை நினைவில் வையுங்கள்.

பச்சையை அழுத்தியதும் காயில் இழுக்கிறது. இழுத்த அதே நேரத்தில் காண்டாக்டரின் ஒரு சின்னக் காண்டாக்ட் பச்சைப் பட்டனுக்குப் பக்கவாட்டில் பாலம் போட்டுவிடுகிறது. அதனால் விரலை எடுத்த பிறகும் மோட்டார் ஓடுகிறது. கரண்டு போனால் காந்தம் விடுகிறது, பாலமும் விடுகிறது. திரும்பக் கரண்டு வந்தாலும் பாலம் இல்லாததால் மோட்டார் எழும்பாது. இதைச் சிலர் ஸ்டார்ட்டரின் குறை என்று நினைக்கிறார்கள். உண்மையில் வேண்டுமென்றே வைத்த பாதுகாப்பு இது. ஆள் இல்லாத நேரத்தில், கிணற்றுக்குள் ஒருவர் இறங்கி புட்வால்வைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில், மோட்டார் தானாகத் திடீரென்று ஓடக் கூடாது என்பதற்காக.

குச்சி செருகுவது அந்தப் பாதுகாப்பை மொத்தமாகக் கழற்றிப் போடுகிற வேலை.

குச்சி செருகிய ஸ்டார்ட்டரில் நடப்பது

கரண்டு ஒரு நொடி விட்டு வருவது நம் கிராம லைன்களில் சாதாரணம். பட்டன் கட்டி வைத்திருந்தால் காண்டாக்டர் விட்டதும் உடனே இழுக்கும். அந்த நேரத்தில் போர் குழாயில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். நான்-ரிட்டர்ன் வால்வு சரியில்லாத போரில் பம்பின் விசிறி எதிர்த்திசையில் சுற்றிக்கொண்டிருக்கும். எதிர்த்திசையில் சுற்றுவதை முன்திசையில் திருப்பினால் ஷாப்ட்டும் கப்ளிங்கும் வாங்கும் அடி கொஞ்சமல்ல.

அடுத்தது குறைந்த வோல்டேஜ். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மிகக் குறைந்து வந்தால் காயிலால் முழுதாக இழுக்க முடியாது. இழுத்து இழுத்து விட்டு 'கடகட'வென்று அடித்துக்கொண்டே இருக்கும். காண்டாக்ட் முனைகள் தீய்ந்து ஒட்டிக்கொள்ளும், காயில் சூடாகிக் கருகும். விரலால் அழுத்துகிறவர் சத்தம் கேட்டதும் கையை எடுத்துவிடுவார். குச்சிக்குக் காது கிடையாது.

மூன்றாவது, மும்முனை நேரம் முடிந்து இருமுனைக்கு மாறும் வேளை. விளக்குக்காக இரண்டு பேஸ் மட்டும் வரும்போது காயிலுக்குப் போகும் இரண்டு பேஸும் அதுவாகவே அமைந்துவிட்டால் காண்டாக்டர் இழுத்துவிடும். மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும். ஓவர்லோடு ரிலே நல்ல நிலையில் இருந்தால் தட்டும். அந்த ரிலேயில் 'ஆட்டோ ரீசெட்' வைத்திருந்தால் ஆறியதும் திரும்ப இணையும், திரும்ப உறுமும், திரும்பத் தட்டும். இப்படி நாலைந்து முறை போதும், வைண்டிங் கருகிவிடும். உங்கள் ஓவர்லோடு ரிலேயில் கை ரீசெட், ஆட்டோ ரீசெட் என்று இரண்டு நிலை இருந்தால், இதைப் படித்த கையோடு கை ரீசெட்டுக்கு மாற்றி வையுங்கள். டைமர் போடுகிறீர்களோ இல்லையோ, இது செலவில்லாத வேலை.

இவை எல்லாம் ஒருவருடைய மோட்டாரோடு போகும் நஷ்டம். டிரான்ஸ்பார்மருக்கு வருவது ஊருக்கே நஷ்டம். ஒரு கணக்கைப் பாருங்கள். 5 எச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 7 முதல் 8 ஆம்பியர் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் எழும்பும் அந்தச் சில நொடிகளில் ஏறக்குறைய ஆறு மடங்கு, அதாவது 45 ஆம்பியர் வரை இழுக்கும். 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒரு பேஸுக்கு முழுச்சுமையாகத் தாங்குவது சுமார் 88 ஆம்பியர். 100 கே.வி.ஏ. என்றால் சுமார் 139. அப்படியானால் 63 கே.வி.ஏ.யில் இரண்டு மோட்டார் ஒரே நொடியில் எழும்பினாலே முழுச்சுமை வந்துவிடுகிறது. பத்துப் பேர் பட்டனைக் கட்டி வைத்திருந்தால் கரண்டு வந்த நொடியில் 450 ஆம்பியர். வோல்டேஜ் படுத்துவிடும், எந்த மோட்டாரும் வேகம் பிடிக்காது, எல்லாம் சேர்ந்து இழுத்துக்கொண்டே நிற்கும். டிரான்ஸ்பார்மர் பீஸ் போகும். லைன்மேன் வந்து கட்டினால் அடுத்த முறையும் அதேதான். பீஸ் போய்க்கொண்டே இருக்கிறது என்று தடித்த கம்பியாகக் கட்டச் சொல்லி வற்புறுத்தும் ஊர்களும் உண்டு. அப்புறம் போவது பீஸ் அல்ல, டிரான்ஸ்பார்மரே. மாற்று டிரான்ஸ்பார்மர் வந்து சேரும்வரை பயிர் காய்வதை எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டைமர் எப்படி விரலாகிறது?

மின்கடையில் டைமர் என்று கேட்டால் உள்ளங்கை அளவுப் பெட்டி ஒன்றைத் தருவார்கள். அதில் ஏ1, ஏ2 என்று இரண்டு முனை. அதற்குக் கரண்டு கொடுக்க வேண்டும். 15, 16, 18 என்று மூன்று முனை. இதுதான் உள்ளே இருக்கும் சுவிட்ச். 15 பொது முனை. சாதாரண நேரத்தில் 15-ம் 16-ம் சேர்ந்திருக்கும், 15-ம் 18-ம் பிரிந்திருக்கும். 'ஆன் டிலே' வகை டைமரில், கரண்டு கொடுத்து நீங்கள் வைத்த நேரம் கடந்ததும் இது மாறும். 16 விடும், 18 சேரும். கரண்டு போனதும் பழைய நிலைக்கு வந்துவிடும். இதற்கு மேல் அதில் சூட்சுமம் ஒன்றும் இல்லை.

ஒரே ஒரு ஆன் டிலே டைமரைப் போட்டால் காத்திருந்து சேரும், ஆனால் சேர்ந்தது சேர்ந்தபடியே இருக்கும். குச்சியைத் தாமதமாகச் செருகியது போலத்தான். விரல் மாதிரி தொட்டுவிட்டு எடுக்க வேண்டும் என்றால் இரண்டு டைமர் வேண்டும். முதல் டைமர் காத்திருக்க, இரண்டாம் டைமர் விரலை எடுக்க.

இணைப்பு இப்படி. முதல் டைமரை 2 நிமிடம் என்று வையுங்கள். அதன் 18-ம் முனையிலிருந்து வரும் கரண்டை இரண்டாக்கி, ஒன்றை இரண்டாம் டைமரின் ஏ1-க்கும், மற்றதை அதே டைமரின் 15-க்கும் கொடுங்கள். இரண்டாம் டைமரின் 16-லிருந்து ஒரு சின்ன காண்டாக்டரின் காயிலுக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சின்ன காண்டாக்டரின் என்.ஓ. காண்டாக்ட்தான் பச்சைப் பட்டனின் இரண்டு முனைக்கும் பக்கவாட்டில் சேர வேண்டியது. இரண்டாம் டைமரை 2 அல்லது 3 நொடிக்கு வையுங்கள்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். கரண்டு வருகிறது. 2 நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு முதல் டைமர் மாறுகிறது, சின்ன காண்டாக்டர் 'டக்' என்று இழுத்துப் பச்சைப் பட்டனை அழுத்திய வேலையைச் செய்கிறது, மோட்டார் எழும்புகிறது. அதே நொடியில் இரண்டாம் டைமர் எண்ணத் தொடங்கி, 3 நொடி ஆனதும் 16-ஐ விடுகிறது. சின்ன காண்டாக்டர் மறுபடி 'டக்' என்று விடுகிறது. விரல் எடுக்கப்பட்டுவிட்டது. இதற்குமேல் மோட்டார் தன் பாலத்தில்தான் ஓடுகிறது. கரண்டு முழுதாகப் போய்த் திரும்பி வரும்வரை இரண்டு டைமரும் அடுத்த முறை தொடாது. ஓவர்லோடு தட்டினாலும், நீங்கள் சிவப்பை அழுத்தினாலும், மோட்டார் நின்றது நின்றதுதான்.

இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் செய்யும் பல்செயல் டைமர்களும் கிடைக்கின்றன. அதில் 'இன்டர்வல்' அல்லது 'ஒன் ஷாட்' என்ற நிலையை வைத்தால், கரண்டு கொடுத்ததும் உடனே சேர்ந்து, வைத்த நேரம் ஆனதும் விடும். ஆனால் முன்னால் காத்திருக்கும் நேரம் இதில் இருக்காது. அதற்காக முன்னால் ஒரு ஆன் டிலே வைக்கத்தான் வேண்டும். ஊர்க் கடைகளில் 'ஆட்டோ சுவிட்ச்' என்று விற்கும் ரெடிமேட் பெட்டிகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. அதை வாங்குவதில் தவறில்லை. காத்திருக்கும் நேரத்தை நீங்களே மாற்றிக்கொள்ளும்படி திருகு இருக்கிறதா, ஒரு பேஸ் இல்லாவிட்டால் தடுக்கிறதா என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். இரண்டும் இல்லாத பெட்டியும் சந்தையில் உண்டு. விலை குறைவாக இருக்கும்.

டைமர் வாங்கும்போது நேர வரம்பையும் கவனியுங்கள். இரண்டாம் டைமருக்கு 10 நொடி வரம்புள்ளது போதும். 10 நிமிட வரம்புள்ளதை வாங்கி அதில் 3 நொடியை வைக்க முயன்றால் திருகு நிற்கும் இடத்தை யாராலும் கணிக்க முடியாது.

முன்னால் நிற்க வேண்டிய காவல்காரன்

மேலே சொன்ன இணைப்பை அப்படியே லைனில் சேர்த்துவிடாதீர்கள். டைமருக்கு ஒரு பேஸ் வந்தாலே போதும், அது எண்ணத் தொடங்கிவிடும். மற்ற இரண்டு பேஸ் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இருமுனை வரும் நேரத்தில் டைமர் நேர்மையாகத் தன் வேலையைச் செய்து, பட்டனைத் தொட்டு, மோட்டாரை எரிக்க வழி செய்துவிடும்.

அதனால் டைமர்களுக்கு முன்னால் சிங்கிள் பேஸிங் பிரிவென்டர் கட்டாயம் வேண்டும். மூன்று பேஸும் சரியான அளவில் வந்தால்தான் அதன் காண்டாக்ட் சேரும். டைமருக்குப் போகும் கரண்டு அந்தக் காண்டாக்ட் வழியாகத்தான் போக வேண்டும். இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. பல ஊர்களில் இருமுனை ஓடிக்கொண்டிருக்கும்போதே, இடையில் நிற்காமல் மும்முனைக்கு மாறிவிடுகிறது. பிரிவென்டர் இல்லாத டைமர் இருமுனை நேரத்திலேயே எண்ணி முடித்திருக்கும்; மும்முனை வந்ததை அது கவனிக்காது, மோட்டாரும் ஓடாது. "டைமர் போட்டும் சில நாள் ஓடுது, சில நாள் ஓடலை" என்று வருகிற புகார்களில் பலவற்றுக்கு இது காரணமாக இருக்கும். பிரிவென்டர் வழியாகக் கொடுத்தால் மூன்றாவது பேஸ் வந்த பிறகுதான் எண்ணிக்கையே தொடங்கும்.

பிரிவென்டரில் இரண்டு வகை உண்டு. வோல்டேஜைப் பார்க்கும் வகை, மோட்டார் ஓடுவதற்கு முன்பே மூன்று பேஸையும் சோதித்துவிடும். மோட்டார் எடுக்கும் கரண்டைப் பார்க்கும் வகை, ஓடும்போது ஒரு பேஸ் போனால் கண்டுபிடிக்கும். நமக்கு டைமருக்கு முன்னால் வேண்டியது முதல் வகை. அதில் இரண்டு ஜோடி காண்டாக்ட் இருந்தால் இரண்டாவது ஜோடியைச் சிவப்புப் பட்டனோடு வரிசையில் சேர்த்துவிடச் சொல்லுங்கள். 415 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று அதன் மேல் எழுதியிருப்பதைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது பேஸ் போனாலும் மோட்டாரை அது நிறுத்திவிடும். கண்டென்சர் போட்டு இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அப்படி ஓட்டுவதை மின்வாரியமும் அனுமதிப்பதில்லை.

415-ம் 240-ம்

வீட்டு வயரிங் மட்டும் பழகியவர்கள் சறுக்குகிற இடம் இது. பெரும்பாலான பம்புசெட் ஸ்டார்ட்டர்களின் காயில் இரண்டு பேஸுக்கு நடுவே, 415 வோல்ட்டில் வேலை செய்கிறது. பச்சைப் பட்டன் பிரிந்திருக்கும்போது அதன் இரண்டு முனைக்கும் இடையே அந்த 415 வோல்ட்டும் நிற்கும். டைமருக்குள் இருக்கும் காண்டாக்ட் பொதுவாக 250 வோல்ட்டுக்குச் செய்தது. அதை நேராகப் பச்சைப் பட்டனில் சேர்த்தால் பொறி தாவி, நாளடைவில் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் குச்சி செருகியதற்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. சின்ன காண்டாக்டரை நடுவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அதன் காயில் 240 வோல்ட், காண்டாக்ட் 415 வோல்ட்டைத் தாங்கக்கூடியது. இந்த ஒரு பொருளைச் சிக்கனம் பிடிக்காதீர்கள்.

240 வோல்ட் டைமருக்கு ஒரு பேஸும் நியூட்ரலும் வேண்டும். உங்கள் மோட்டார் ரூமில் நியூட்ரல் கம்பி இல்லையென்றால், 415 வோல்ட்டை 240 ஆக்கும் சின்ன கண்ட்ரோல் டிரான்ஸ்பார்மர் வைத்துக்கொள்ளலாம். எர்த் குழாயை நியூட்ரலாகப் பயன்படுத்துவது மட்டும் கூடவே கூடாது. எர்த் எங்காவது விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் பெட்டியும் மோட்டார் உடலும் கரண்டு ஏறி நிற்கும். ஈரக் காலோடு அதைத் தொடுகிறவர் வீட்டு ஆளாகத்தான் இருப்பார்.

ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர்கள் தங்களுடையது எந்த வகை என்று முதலில் பார்க்க வேண்டும். பட்டனைத் தொட்டுவிட்டால் தானாக ஸ்டாரிலிருந்து டெல்டாவுக்கு மாறும் வகை என்றால் 3 நொடித் தொடுதல் போதும். பட்டனைப் பிடித்துக்கொண்டிருந்து, மோட்டார் வேகம் பிடித்ததும் விட்டால் டெல்டாவுக்கு மாறும் வகையும் புழக்கத்தில் உள்ளது. அதற்கு இரண்டாம் டைமரை, நீங்கள் வழக்கமாக எத்தனை நொடி அழுத்திப் பிடிக்கிறீர்களோ அத்தனை நொடிக்கு வைக்க வேண்டும். கைப்பிடியைத் திருப்பும் பழைய எண்ணெய் ஸ்டார்ட்டருக்கு இந்த முறை உதவாது.

நிறுத்துவதற்கும் டைமர்

எலுமிச்சைத் தோப்புக்கு ஒன்றரை மணி நேரம் பாய்ந்தால் போதும் என்று வையுங்கள். ஆள் தூங்கிவிட்டால் விடியும்வரை ஓடி, வாய்க்கால் உடைந்து பக்கத்துக் காட்டுக்குப் போகும். கிணற்றில் தண்ணீரும் இருக்காது. இதற்கு மூன்றாவது டைமர் ஒன்று போதும். ஸ்டார்ட்டரில் மீதமிருக்கும் என்.ஓ. காண்டாக்ட் வழியாக அதற்குக் கரண்டு கொடுத்தால், மோட்டார் ஓடும்போது மட்டும் அது எண்ணும். நேரம் முடிந்ததும் அதன் 18-ம் முனை இன்னொரு சின்ன காண்டாக்டரை இழுக்க, அந்தக் காண்டாக்டரின் என்.சி. காண்டாக்ட் சிவப்புப் பட்டனின் வரிசையைப் பிரித்துவிடும். மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றதால் டைமருக்கே கரண்டு போய்விடும், அதுவும் விடும், சிவப்பு வரிசை பழையபடி சேர்ந்துவிடும். இரண்டாவதாக ஒரு டைமர் இல்லாமலே இங்கே தொட்டு விடுகிற வேலை நடந்துவிடுகிறது. தன் காலடிக் கிளையைத் தானே வெட்டிக்கொள்வது மாதிரிதான், ஆனால் இங்கே அது நல்லதற்கு.

ஊற்று குறைந்த கிணறு என்றால் அரை மணி ஓடி, இரண்டு மணி நேரம் ஊறவிட்டு, திரும்ப ஓட வேண்டியிருக்கும். அதற்குச் 'சைக்ளிக்' டைமர் கிடைக்கிறது. ஆனால் இதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. கிணறு எப்போதும் ஒரே வேகத்தில் ஊறுவதில்லை. கடிகாரத்துக்கு அது தெரியாது. வெறும் மோட்டார் ஓடினால் நீர்மூழ்கி மோட்டாரின் பேரிங்கும் சீலும் போகும். சைக்ளிக் டைமர் வைத்தாலும், தண்ணீர் இல்லாவிட்டால் நிறுத்தும் டிரை ரன் பாதுகாப்பு கூடவே இருக்கட்டும். ஒரு மணி நேரத்தில் பல முறை எழும்பி நிற்கும்படி எந்த மோட்டாரையும் வைக்காதீர்கள்.

யாருக்கு எத்தனை நிமிடம்?

ஒரே டிரான்ஸ்பார்மரில் இருக்கும் பத்துப் பேரும் டைமர் போட்டு, பத்துப் பேரும் 2 நிமிடம் என்று வைத்தால் என்ன ஆகும்? 2 நிமிடம் கழித்து அதே 450 ஆம்பியர். குச்சி வைத்த ஊருக்கும் டைமர் வைத்த ஊருக்கும் அப்போது ஒரு வித்தியாசமும் இல்லை. டைமரின் பாதிப் பலன் மோட்டார் ரூமில் இருக்கிறது, மீதிப் பாதி பக்கத்துக் காட்டுக்காரரோடு பேசுவதில் இருக்கிறது.

ஒருநாள் சாயங்காலம் டிரான்ஸ்பார்மரில் இருக்கும் எல்லோரும் கூடி, நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் ஆள் 1 நிமிடம், அடுத்தவர் 1 நிமிடம் 20 நொடி, அதற்கடுத்தவர் 1 நிமிடம் 40 நொடி என்று 20 நொடி இடைவெளி விட்டால் பத்தாவது மோட்டார் 4 நிமிடத்தில் எழும்பிவிடும். 4 நிமிடம் தாமதமானால் யாருடைய பயிரும் வாடிவிடாது. நேரடி ஸ்டார்ட்டரில் இருக்கும் பெரிய மோட்டார்களுக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடுதலாக விடலாம். ஆழமான போர் வைத்திருப்பவர்கள் வரிசையில் பின்னால் இருப்பது அவர்களுக்கே நல்லது. குழாயில் இறங்கும் தண்ணீர் அடங்க நேரம் கிடைக்கும். யார் முதல் என்பதில் சண்டை வரும் என்றால் சீட்டுக் குலுக்கிப் போடலாம். கரண்டு ஒரு நாளில் எத்தனை முறை போய் வந்தாலும் இந்த வரிசை அப்படியே இருக்கும் என்பதைச் சொல்லிவிட்டால் சண்டை பாதி குறையும்.

கைபேசியில் மிஸ்டு கால் கொடுத்து மோட்டாரைப் போடும் கருவிகளும் இன்று பரவலாகிவிட்டன. அவையும் ஸ்டார்ட்டருக்குக் கொடுப்பது இதே இரண்டு மூன்று நொடித் தொடுதலைத்தான். மோட்டார் ஓடுகிறதா, கரண்டு வந்ததா என்று வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ளலாம் என்பது கூடுதல் வசதி. சிக்னல் இல்லாத காட்டில் பயன் குறைவு. வேளாண்மைப் பொறியியல் துறை இத்தகைய கருவிகளுக்கு மானியம் கொடுத்துவருகிறது. இந்த ஆண்டு எவ்வளவு, யாருக்கு என்பதை அந்தத் துறையின் அலுவலகத்திலோ உழவன் செயலியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிப் போட்டாலும், அதிலும் 'ஆட்டோ' நிலை இருக்கும், அதற்கும் காத்திருக்கும் நேரம் வைக்க வேண்டும், அதுவும் மேலே சொன்ன வரிசைக்குள்தான் வர வேண்டும்.

போட்ட பிறகு

வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து, பீஸ் கட்டைகளைப் பிடுங்கிய பிறகுதான் ஸ்டார்ட்டர் மூடியில் கை வைக்க வேண்டும். டைமர்களுக்குப் போகும் கரண்டில் 'தானியங்கி – கை' என்று ஒரு சுவிட்ச் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தேவைப்படாத மழை நாட்களில் அதைக் கைக்குத் திருப்பிவிட்டால் மோட்டார் தானாக எழும்பாது.

கிணற்றுக்குள் இறங்கும்போது அந்தச் சுவிட்சை நம்பக் கூடாது. தானாக ஓடும் மோட்டாரில் கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பீஸ் கட்டைகளைப் பிடுங்கி இடுப்பில் முடிந்துகொண்டு இறங்குங்கள். கூலி ஆட்களுக்கும் பிள்ளைகளுக்கும் தெரியும்படி மோட்டார் ரூம் கதவில் 'இந்த மோட்டார் தானாக ஓடும்' என்று பெயிண்டால் எழுதி, பக்கத்தில் உங்கள் வரிசை நேரத்தையும் எழுதிவிடுங்கள். பெல்ட் போட்டு ஓடும் பழைய பம்பு என்றால் பெல்ட்டுக்கு வலைத் தடுப்பு இல்லாமல் டைமர் போட வேண்டாம்.

மாதம் ஒரு முறை மும்முனை வரும் நேரத்தில் மோட்டார் ரூமில் நின்று கேளுங்கள். மெயினை அணைத்துப் போட்டால், வைத்த நேரம் கழித்து ஒரு 'டக்', மோட்டார் எழும்பும் சத்தம், மூன்று நொடியில் இன்னொரு 'டக்'. இரண்டாவது 'டக்' கேட்கவில்லை என்றால் இரண்டாம் டைமர் போய்விட்டது, விரல் பட்டனை விட்டு எழவில்லை என்று பொருள். அன்றைக்கே சுவிட்சைக் கைக்குத் திருப்பிவிட்டு, டைமரை மாற்றும்வரை பழையபடி பச்சைப் பட்டனை நீங்களே அழுத்துங்கள்.